சட்டம் மறந்த நான்காம் பொருள்

ஜெர்மனி தேசத்துப் பீர்ப் புட்டிகளின்மேல் ஒட்டப்பட்டிருக்கும் சீட்டுகளில், 1516-ஆம் வருஷத்துப் பரிசுத்தச் சட்டத்தின் பிரகாரம் காய்ச்சப்பட்டது என்னும் வாசகத்தை அடிக்கடி காணலாம். உலகத்தில் இன்றும் அமலிலிருக்கும் உணவுச் சட்டங்களுள் இதைவிடப் பழையது வேறில்லை என்று அந்நாட்டுப் பீர் வியாபாரிகள் பெருமை பேசுவதும், அப்பெருமையை மற்றவர்கள் விசாரியாமல் ஒப்புக்கொள்வதும் வழக்கமாகிவிட்டன. ஆயினும் அந்தப் பழைய சாசனத்தைக் கையிலெடுத்து முதலிலிருந்து முடிவு வரையில் படிக்கிறவர்கள் சற்றே திகைப்பார்கள். ஏனென்றால் பரிசுத்தத்தைப் பற்றி அதில் உள்ளது ஒரே ஒரு வாக்கியம். மற்றவையெல்லாம் பெரும்பாலும் விலையைப் பற்றிய விதிகள்.

1516 ஏப்ரல் 23-ஆம் தேதி, பவேரியா நாட்டைச் சேர்ந்தாண்ட சகோதரர்களாகிய நான்காம் வில்ஹெல்ம், பத்தாம் லூட்விக் என்னும் இரு கோமகன்களும், பிரபுக்களும் மதகுருமார்களும் நகரங்களின் பிரதிநிதிகளும் இங்கோல்ஷ்டாட் நகரில் கூடியிருந்த சபையின் சம்மதத்தைப் பெற்று அச்சட்டத்தைப் பிறப்பித்தார்கள். அதிதூதர் மிக்கேல் திருநாளாகிய செப்டம்பர் 29 முதல் புனித ஜார்ஜ் திருநாளாகிய ஏப்ரல் 23 வரையில், ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான 'மாஸ்' என்னும் அளவுக்கு ஒரு ம்யூனிக் பென்னிக் நாணயத்துக்கு மேல் வாங்கலாகாது. எஞ்சிய கோடை மாதங்களில் இரண்டு பென்னிக்குக்கு மேல் வாங்கலாகாது. கடைக்காரன் மொத்தமாக ஓரிரண்டு குடங்கள் வாங்கிக் குடியானவர்களுக்குச் சில்லறையாக விற்றால், அரைக் காசுக்குச் சமமான ஒரு 'ஹெல்லர்' மட்டும் கூட வைத்துக்கொள்ளலாம். இப்படிக் காசு காசாகக் கணக்கிட்டுக்கொண்டு செல்லும் சாசனத்தின் நடுவிலேதான், நமது நகரங்களிலும் சந்தைகளிலும் நாட்டுப்புறங்களிலும் பீருக்குப் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய இவற்றைத் தவிர வேறெதையும் உபயோகிக்கலாகாது என்னும் விதி வருகிறது. மீறினவனுக்குச் சிறையுமில்லை, சவுக்கடியுமில்லை. அவனுடைய பீப்பாயை நீதிமன்றத்தார் தயவு தாட்சண்யமின்றிப் பறிமுதல் செய்துவிடுவார்கள், எத்தனை தரம் மீறுகிறானோ அத்தனை தரமும். முதுகில் அடிப்பதைக் காட்டிலும் பீப்பாயில் அடிப்பது பலனளிக்கும் என்பதை அக்காலத்து ராஜாங்கத்தார் நன்றாக உணர்ந்திருந்தார்கள் போலும்.

இவ்விதி அன்று திடீரென்று பிறந்ததன்று. ம்யூனிக் நகரசபை 1447-லும், கோமகன் நான்காம் ஆல்பிரெக்ட் அதே நகரத்துக்காக 1487-லும், கீழைப் பவேரியாவை ஆண்ட ஜார்ஜ் 1493-லும் ஏறக்குறைய இவ்வாறே கட்டளையிட்டிருக்கிறார்கள். துரிங்கியாப் பிரதேசத்திலுள்ள வைஸன்ஸே என்னும் சிற்றூரார், தங்களிடம் 1434-ஆம் வருஷத்து விதியொன்று இருப்பதாகக் காட்டி, பவேரியர்களின் மூப்புரிமையைக் கேலி செய்வதுமுண்டு. 1504-இல் வாரிசுரிமையைப் பற்றி மூண்ட யுத்தம் மறுவருஷம் முடிந்து, இரண்டாகப் பிரிந்து கிடந்த பவேரியா ஒன்றுபட்டபோது, ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த விதிகளையெல்லாம் ஒன்றாக்கவேண்டிய அவசியம் நேர்ந்தது. அந்த அவசியத்தின் விளைவே 1516-ஆம் வருஷத்துச் சாசனம். பார்லியை மட்டும் சொன்னதற்கும் ரொட்டி சுடுவோர்க்கும் நெருங்கிய சம்பந்தமுண்டு. கோதுமையையும் ரை தானியத்தையும் பீர்க் கொப்பரைகள் விழுங்கிவிட்டால் ரொட்டியின் விலை ஏறும். ரொட்டியின் விலை ஏறினால் ஜனங்களின் கோபமும் ஏறும். தானியத்துக்குப் பஞ்சம் வந்தால் மேலும் கட்டுப்பாடுகள் விதிக்கும் அதிகாரம் எமக்குண்டு என்று கோமகன்கள் சாசனத்தின் இறுதியில் எழுதி வைத்திருப்பதே அவர்களுடைய உள்நோக்கத்தைப் புலப்படுத்துகிறது.

ஆனாலும் சுகாதார சிந்தனை அடியோடு இல்லையென்று சொல்வதும் நியாயமாகாது. ஹாப்ஸ் பரவுவதற்கு முன்னர், 'குரூட்' என்னும் பச்சிலைக் கலவையையே ஐரோப்பியர் பீருக்குச் சேர்த்துவந்தார்கள். சதுப்பு நிலத்து மிர்ட்டில் செடியும், யாரோ என்னும் பூண்டும், இன்னும் ஊருக்கேற்ற பலவும் அதிற் சேரும். அக்கலவையை விற்கும் உரிமை பல இடங்களில் மடாதிபதிகளிடமோ பிரபுக்களிடமோ இருந்தபடியால், அது ஒருவகை வரியாகவே நடைபெற்றது. குடிப்பவனுக்கு விரைவில் மயக்கத்தை உண்டாக்கவேண்டுமென்ற எண்ணத்தால், ஹென்பேன் என்னும் நச்சுச் செடியின் விதைகளை இடுவாருமிருந்தனர். இச்செடி நம் நாட்டு ஊமத்தையின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஊமத்தையிலுள்ள அதே விஷச் சத்துகள் இதிலும் உண்டு. கண்மணி விரிந்து, நாக்கு வறண்டு, இல்லாதவற்றைக் கண்டு பிதற்றும் நிலைக்கு அது குடிப்பவனைக் கொண்டுபோய்விடும். இத்தகைய பானம் புழங்கிய காலத்தில், மூன்று பொருள்களுக்கு மேல் ஒன்றும் கூடாதென்று ஒரு கோமகன் கட்டளையிட்டால், அவனுடைய நோக்கம் பொக்கிஷத்தைப் பற்றியதேயாயினும், அதன் நன்மை குடிகளின் உடம்பையும் சென்று சேர்ந்தது.

அந்த மூன்று பொருள்களும் தற்செயலாக அமைந்தவையா, அல்லது அவற்றுக்கு ஏதேனும் தனிச் சிறப்புண்டா என்பதை இனிப் பார்ப்போம். பார்லியை நீரில் ஊறவைத்து ஈரத்தோடு பரப்பிவிட்டால், சில நாட்களில் அது முளைவிடுகிறது. முளைக்கும் தானியம், தன்னுள்ளே சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தை உணவாக்கிக்கொள்ளும் பொருட்டு, அமைலேஸ் என்னும் நொதிகளை உண்டாக்கிக்கொள்கிறது. முளை நீளுமுன் சூடான காற்றில் அதை உலர்த்தி நிறுத்தினால் 'மால்ட்' கிடைக்கும். இந்த மால்ட்டை நொறுக்கி, ஏறக்குறைய 62 முதல் 72 டிகிரி வரை சூடுள்ள நீரிற் கரைத்தால், உறங்கிக் கிடந்த நொதிகள் விழித்தெழுந்து, மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை வெட்டி, மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றிவிடுகின்றன. பிற தானியங்களும் முளைவிடக் கூடியவைதாம். ஆனால் பார்லிக்கு உமி ஒட்டிக்கொண்டிருக்கிறது, கோதுமைக்கோ போரடிக்கும்போதே உமி உதிர்ந்துவிடுகிறது. சர்க்கரைக் கரைசலை வடிக்குங்கால் அந்த உமியே அடியில் படுக்கையாகப் படிந்து, தெளிந்த சாற்றைக் கீழே இறக்கிச் சக்கையை மேலே நிறுத்திக்கொள்கிறது. கோதுமையை மட்டும் இட்டுக் காய்ச்சினால் கூழாகி அடைத்துக்கொள்ளும். ஆகையால்தான் கோதுமைப் பீரென்று பெயர் பெற்றதிலும் பார்லி ஒரு பங்கு சேர்கிறது.

ஹாப்ஸ் என்பது ஒரு கொடி. அதன் பெண் பூங்கதிர்களின் செதில்களுக்கிடையே மஞ்சள் நிறமான பிசின் துகள்கள் உண்டு. அவற்றிலுள்ள ஹ்யூமுலோன் முதலான அமிலங்கள் கொதிக்கும் சாற்றில் வடிவம் மாறி, பீருக்கு அதன் கசப்பைத் தருகின்றன. கசப்பைக் காட்டிலும் முக்கியமான காரியம் ஒன்றையும் அவை செய்கின்றன: பானத்தைப் புளிக்கச் செய்யும் லாக்டோபாசில்லஸ் முதலிய பாக்டீரியாக்களின் உறையில் புகுந்து, உயிர் வாழ்வதற்கு அவை காத்துக்கொள்ளவேண்டிய மின்னேற்றச் சமநிலையைக் குலைத்து, அவற்றைப் பெருகவொட்டாமல் தடுத்துவிடுகின்றன. ஹாப்ஸ் சேர்த்த பானம் எளிதில் கெடுவதில்லை என்பதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிங்கன் நகரைச் சேர்ந்த ஹில்டகார்ட் என்னும் கன்னிகாஸ்திரீ தம் நூலில் குறித்திருக்கிறார். பாக்டீரியா என்று ஒன்று உண்டென்பதை மனிதர் அறிவதற்கு 500 வருஷங்களுக்கு முன்னரே அதை அடக்கும் உபாயம் அறியப்பட்டுவிட்டது என்பதை எண்ணுங்கால் வியப்பே உண்டாகிறது.

பார்லியும் ஹாப்ஸும் தண்ணீரும் சேர்ந்தால் கிடைப்பது கசப்பும் இனிப்பும் கலந்த ஒரு கஷாயமேயன்றிப் பீராகாது. அதைப் பீராக்குவது ஈஸ்ட். சாசனமோ ஈஸ்ட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. அக்காலத்தார் அதை அறியாதவர்கள் என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மையே. ஒரு காய்ச்சலின் அடியிலோ மேலோ திரளும் சேறுபோன்ற வண்டலை எடுத்து, அடுத்த காய்ச்சலில் இட்டால் அது விரைவாக நுரைத்தெழும் என்பது பீர் காய்ச்சுவோர்க்கெல்லாம் தெரிந்த விஷயம். அந்த வண்டலுக்குத் தொழிலில் ஒரு பெயரும் இருந்தது. ஆயினும் தயிருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பாலைச் சொல்லுவோமேயன்றி, நேற்றைய தயிரிலிருந்து எடுத்துவைத்த உறைமோரை ஒரு பொருளாகக் கணக்கிலெடுப்பதில்லை அல்லவா? அதுபோலவே வண்டலும் தொழிலுக்குரிய கருவியாக எண்ணப்பட்டதேயன்றி, விலை கொடுத்து வாங்கும் சரக்காக எண்ணப்படவில்லை. விலையையும் தானியத்தையும் பற்றிய சட்டத்தில் விலையில்லாத ஒன்றுக்கு இடமில்லாமற் போனது இயல்பே.

அந்த வண்டல் உயிருள்ளதென்பதை ஒப்புக்கொள்வதற்கு ஐரோப்பிய சாஸ்திரிகள் பட்ட பாடு சிறிதன்று. ஹாலந்து தேசத்து லீவன்ஹூக் 1680-இல் தம்முடைய கண்ணாடியின் வழியே பீர்த் துளியொன்றைப் பார்த்து, அதில் சிறு சிறு உருண்டைகளைக் கண்டு எழுதிவைத்தார். அவை உயிருள்ளவை என்று அவருக்குத் தோன்றவில்லை. 1837-ஐ ஒட்டி, பிரான்ஸில் காஞ்ஞார்-லத்தூரும், ஜெர்மனியில் ஷ்வான், க்யூட்ஸிங் என்னும் இருவரும், ஒருவரையொருவர் அறியாமலே, ஈஸ்ட் ஒரு தாவரம்போன்ற உயிர் என்றும், சர்க்கரையை உண்டு சாராயத்தையும் கரியமில வாயுவையும் விடுவது அதுவே என்றும் வெளியிட்டார்கள். ரசாயனத்தில் முடிசூடா மன்னர்களாக விளங்கிய லீபிக், வோலர் ஆகிய இருவருக்கும் இது பிடிக்கவில்லை. 1839-இல் லீபிக்கின் பத்திரிகையிலேயே பெயரிடாத பரிகாசக் கட்டுரையொன்று வெளிவந்தது. ஈஸ்ட் என்பது வடிகலம்போன்ற உருவமுடைய சிறு பிராணி என்றும், அது சர்க்கரையைத் தின்றதும் ஆசனத்தின் வழியே சாராயத்தையும் மூத்திர உறுப்பின் வழியே வாயுவையும் வெளிவிடுகிறது என்றும், கண்ணால் கண்டதுபோல அதில் வர்ணித்திருந்தார்கள். மேதாவிகளின் கேலிக்குக் கூர்மை அதிகம். அது உண்மையைச் சில வருஷங்கள் பின்தள்ளவும் வல்லது. 1857-லிருந்து பிரான்ஸ் தேசத்துப் பாஸ்டர் தொடர்ந்து செய்த சோதனைகளே கேலியை அடக்கின. 1870-ஆம் வருஷத்து யுத்தத்தில் தம் தேசம் ஜெர்மானியரிடம் தோற்றதனால் மனம் புண்பட்டிருந்த அவர், பீரிலாவது அவர்களை வெல்லவேண்டுமென்ற சங்கற்பத்தோடு ஆராய்ச்சியில் இறங்கி, 1871-இல் லண்டன் சென்று விட்பிரெட் ஆலையின் ஈஸ்ட்டை மைக்ராஸ்கோப்பில் சோதித்தார். அவருடைய பெரிய நூல் 1876-இல் வெளிவந்தது. இவ்வளவும் செய்தவருடைய பெயரே, ஜெர்மனியின் குளிர்ந்த பீரை உண்டாக்கும் ஈஸ்ட்டுக்குச் 'சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸ்' என்று நிலைத்துவிட்டது.

இந்தக் குளிர் ஈஸ்ட்டின் பிறப்பு வரலாற்றில் பவேரியக் கோமகன்களுக்கும் பங்குண்டு. இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது இப்பகுதியே. கோடையில் காய்ச்சிய பீர் விரைவில் புளித்துப்போவதையும், வெயிற்காலத்தில் அடுப்பெரிப்பதால் தீவிபத்து நேர்வதையும் கருதி, 1553-இல் ஐந்தாம் ஆல்பிரெக்ட், மிக்கேல் திருநாளுக்கும் ஜார்ஜ் திருநாளுக்கும் இடைப்பட்ட குளிர்மாதங்களில் மட்டுமே பீர் காய்ச்சலாமென்று விதித்தார். அவ்விதி 1850 வரையில் நடைமுறையிலிருந்தது. அறையின் சூட்டில் உழைத்துப் பானத்தின் மேலே நுரையோடு திரளும் ஈஸ்ட்டுக்கு இது பாதகமாயிற்று. ஐந்து முதல் பத்து டிகிரிக் குளிரிலும் மெல்ல மெல்ல வேலை செய்து அடியிலே படியும் ஈஸ்ட்டுக்கு அனுகூலமாயிற்று. தலைமுறை தலைமுறையாக அடிவண்டலையே எடுத்து அடுத்த காய்ச்சலில் இட்டுவந்த தொழிலாளிகள், தாம் செய்வது இன்னதென்று அறியாமலே, டார்வின் பின்னாளில் விளக்கிய தேர்வைச் செய்துகொண்டிருந்தார்கள்.

கோதுமையைத் தடுத்த சட்டம் அதற்கு விலக்கும் வைத்திருந்தது. 1516-இல் கையொப்பமிட்ட அதே நான்காம் வில்ஹெல்ம், 1548-இல் டேகன்பெர்க் என்னும் பிரபு குடும்பத்துக்கு, டான்யூப் நதிக்கு வடக்கே கோதுமைப் பீர் காய்ச்சும் தனியுரிமையை அளித்தார். சட்டம் செய்தவரே அதற்கு முதல் ஓட்டையையும் வைத்தார் என்று சொல்லுவது கடுமையாக இருக்கலாம், பொய்யாகாது. 1602-இல் அக்குடும்பத்தின் கடைசிப் பிரபு வாரிசின்றி இறந்ததும், கோமகன் முதலாம் மாக்ஸிமிலியன் அவ்வுரிமையைத் தம் வசமாக்கிக்கொண்டார். அது முதல் கோதுமைப் பீர் ராஜாங்கத்தின் ஏகபோக வியாபாரமாகிப் பொக்கிஷத்தை நிரப்பலாயிற்று. குடிகளுக்கு விலக்கப்பட்ட தானியம் கோமகனின் கொப்பரையில் தாராளமாக வெந்தது.

மேலே ஈஸ்ட் திரளும் கோதுமைப் பீர் ஒருபுறமும், அடியில் ஈஸ்ட் படியும் பழுப்பு நிறப் பார்லிப் பீர் மறுபுறமுமாக, ம்யூனிக் நகரத்து அரண்மனைப் பீராலையாகிய ஹோஃப்பிராய்ஹவுஸில் இரண்டும் சில வருஷங்கள் காய்ச்சப்பட்டன. குளிர் ஈஸ்ட்டின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் அது ஒரு கலப்புப் பிறவி என்று கண்டிருக்கிறார்கள்: ஒரு பாதி ரொட்டிக்கும் சாதாரணப் பீருக்கும் உதவும் ஈஸ்ட்; மறுபாதி குளிரைத் தாங்கும் ஒரு காட்டு ஈஸ்ட். அந்தக் காட்டு உறவினர் யாரென்பது நெடுங்காலம் புலப்படாமலிருந்து, 2011-இல் தென்னமெரிக்காவின் பாடகோனியாக் காடுகளில் பீச் மரங்களில் வெளிப்பட்டது. 'சாக்கரோமைசிஸ் யூபயானஸ்' என்று பெயரிட்டார்கள். பின்னர் திபெத்திலும், சமீபத்தில் அயர்லாந்திலும் அது கிடைத்திருக்கிறது. 2023-இல் மாத்தியாஸ் ஹுட்ஸ்லர், ஜான் மாரிஸி முதலிய ஆராய்ச்சியாளர்கள், பழைய கணக்கேடுகளையும் மரபணுச் சான்றுகளையும் ஒப்பிட்டு, இக்கலப்பு 1602-க்கும் 1615-க்கும் இடையில் அந்த ஹோஃப்பிராய்ஹவுஸிலேயே நிகழ்ந்திருக்கலாம் என்று ஓர் ஊகத்தை வெளியிட்டார்கள்: டேகன்பெர்க் பிரபுவின் ஆலையிலிருந்து வந்த கோதுமைப் பீரின் ஈஸ்ட், ம்யூனிக்கின் குளிர்ந்த பார்லிப் பீரில் ஏற்கெனவே குடியிருந்த காட்டு ஈஸ்ட்டோடு கலந்தது என்பது அவர்கள் கொள்கை. ஊகம் ஊகமே, மறுப்பு வரலாம். அது மெய்யாயின், உலகத்தில் இன்று அருந்தப்படும் பீரில் மிகப் பெரும்பகுதியை உண்டாக்கும் உயிர், பரிசுத்தச் சட்டத்துக்கு அளிக்கப்பட்ட விலக்கின் வழியாகப் பிறந்ததாகும்.

ம்யூனிக்கில் ஷ்பாட்டன் ஆலையை நடத்திய கேப்ரியல் ஸேடல்மாயரிடமிருந்து 1845-இல் இந்த ஈஸ்ட்டைப் பெற்று, வழியெல்லாம் குளிர்ந்த நீர் ஊற்றிக் காப்பாற்றிக் கோப்பன்ஹேகனுக்குக் கொண்டுபோனவர் யாக்கோப்ஸன். அவர் நிறுவிய கார்ல்ஸ்பர்க் ஆலையின் சோதனைச்சாலையில் எமில் கிறிஸ்டியன் ஹான்ஸன் 1883-இல் ஒரே ஓர் உயிரணுவிலிருந்து ஈஸ்ட் பயிரை வளர்த்தெடுத்தபோதுதான், பீர்த் தொழில் உண்மையான பரிசுத்தம் இன்னதென்று முதன்முதலாகக் கண்டது. அவருக்கு முன்னர், சட்டத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்த ஆலைகளிலுங்கூட, வேண்டாத ஈஸ்ட்டுகள் புகுந்து கொப்பரை கொப்பரையாகப் பீரைக் கெடுத்துக்கொண்டிருந்தன.

சட்டத்தின் பிற்காலச் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1871-இல் ஜெர்மன் சாம்ராஜ்யம் அமைந்தபின்னும் வடபகுதியினர் அரிசியையும் சர்க்கரையையும் உருளைக்கிழங்கு மாவையும் பீரில் இட்டுவந்தார்கள். 1906-ஆம் வருஷத்து வரிச் சட்டமே நாடு முழுவதற்கும், அடியில் ஈஸ்ட் படியும் பீருக்குப் பார்லி மால்ட்டையும் ஹாப்ஸையும் ஈஸ்ட்டையும் தண்ணீரையும் மட்டும் விதித்தது. மறக்கப்பட்ட நான்காம் பொருள் அங்கே முறையாக இடம்பெற்றது. இன்று உலகமறிந்த 'பரிசுத்தக் கட்டளை' என்னும் பெயரும் 1918 மார்ச் மாதத்தில், பவேரியச் சட்டசபையில் ஹான்ஸ் ராவுக் என்னும் அங்கத்தினர் வாயிலாகவே முதன்முதலில் வழங்கியது. அதுவும் பீர் வரியைப் பற்றிய விவாதத்தில்.

1987 மார்ச் 12-ஆம் தேதி, ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. பிற நாட்டுப் பீரை இந்தச் சட்டத்தைக் காட்டித் தடுக்கலாகாது என்பது அதன் சாரம். ஜெர்மன் அரசாங்கத்தார் தம் மக்கள் மிகுதியாகப் பீர் குடிப்பவர்களாதலால், அதிற் சேரும் ரசாயனங்கள் அவர்களுக்குக் கேடு விளைக்கும் என்று வாதித்தார்கள். அதே ரசாயனங்களிற் பலவற்றை வேறு பானங்களில் அனுமதித்துக்கொண்டு பீரில் மட்டும் அஞ்சுவது எப்படிப் பொருந்தும் என்று நீதிபதிகள் திருப்பிக் கேட்டார்கள். வாதம் தோற்றது, வியாபாரம் தோற்கவில்லை. உள்நாட்டு ஆலைகள் பழைய விதியையே பிடித்துக்கொண்டு, அதையே விளம்பரமாக்கிச் செழித்தன.

நாளடைவில் அவ்விதி எழுத்தில் இறுகி, பொருளில் நெகிழ்ந்துவிட்டது. பீர் கலங்காமலிருக்கும்பொருட்டு, பி.வி.பி.பி. என்னும் பிளாஸ்டிக் தூளை அதில் கலந்து, துவர்ப்புச் சத்துகளை ஒட்டவைத்து, பின் வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள். வெளியே எடுத்துவிடப்படுவதால் அது பீரின் பொருளாகக் கருதப்படுவதில்லை. ஹாப்ஸின் பூவுக்குப் பதில் அதன் சாற்றையும் சேர்க்கலாம். ஆனால் பிராண்டன்பர்க் பகுதியில் நாய்ட்ஸெல்லே என்னும் ஊரிலிருந்த மடத்து ஆலை, தன்னுடைய கருநிறப் பீரில் சிறிது சர்க்கரைப் பாகு சேர்த்ததற்காகப் பல வருஷங்கள் வழக்காடி, 2005-இல் உச்ச நிர்வாக நீதிமன்றத்தின் தயவால்தான் அதைப் பீர் என்று அழைக்கும் உரிமையை மீட்டது.

பவேரியாவின் நிலையோ இன்னும் விசித்திரமானது. 1551-இல் பிறந்த கோமகனின் ஆணையொன்று, பீரில் கொத்தமல்லி விதையையும் லாரலையும் சேர்க்க அனுமதித்தது. 1616-ஆம் வருஷத்து விதியில் உப்பும், ஜூனிபர் காயும், சீமைச் சீரகமும் இடம்பெற்றன. ஜெர்மனியின் மற்றப் பகுதிகளில் விசேஷ பீருக்கென்று தனி அனுமதி பெறலாமாதலால், லைப்ஸிக் நகரத்தார் உப்பும் கொத்தமல்லியும் சேர்ந்த தங்கள் 'கோஸ' பீரை இன்றும் பீரென்றே விற்கிறார்கள். பவேரியாவில் அத்தகைய அனுமதி கொடுப்பதில்லை. அங்கே ஒருவன் தன் கொப்பரையில் ஒரு பிடி கொத்தமல்லி விதையைத் தூவிவிட்டால், அதன்பின் அதைப் பீரென்று பெயரிட்டு விற்க அவனுக்கு வழியில்லை.